உலர்களத்திற்குக் கம்பி வலையா, முறுக்குக் கம்பியா?

அறுவடையான தானியத்தைக் காயவைக்கத் தக்க இடமில்லாமை நம் உழவர் பெருமக்களின் நெடுநாளைய குறையாகும். பெரியாறு–வைகைப் பாசனத்தால் மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரங்களில் விளையும் நெல்லும், திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் விளையும் சோளமும் மக்காச்சோளமும் பல வேளைகளில் சாலை ஓரத்திலேயே பரப்பப்படுகின்றன. வண்டிச் சக்கரத்தில் தானியம் நசுங்குகிறது. இரவிலோ, அக்குவியலும் அதைச் சுற்றி வைத்த கற்களும் இருசக்கர வண்டியில் வருவோரின் உயிருக்கே உலை வைத்துவிடுகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பொதுவாக 17 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல்லை வாங்குவதில்லை. ஆகவே கான்கிரீட் உலர்களம் என்பது ஓர் ஊருக்கு ஆடம்பரமன்று, அவசியமே.

ஆனால் கட்டிய களம் சில ஆண்டுகளிலேயே பாளம் பாளமாக வெடித்துவிட்டால் பயன் என்ன? வெடிப்பில் நெல் விழுகிறது. நெல்லில் கல்லும் மண்ணும் கலக்கின்றன. மழைநீர் உள்ளே இறங்கி அடிமண்ணை இளக்குகிறது. பொதுப்பணம் செலவழிந்தும், தானியம் மீண்டும் சாலைக்கே போய்ச் சேருகிறது. இதைத் தவிர்க்க எண்ணும் ஊராட்சியினர் முதலில் கேட்கும் கேள்வி, ‘வெல்டு மெஷ்’ எனப்படும் பற்றவைத்த கம்பி வலையைப் போடலாமா, முறுக்குக் கம்பியையே கட்டலாமா என்பதாகும். அக்கேள்விக்குரிய விடையை இங்கு ஆராய்வோம்.

கான்கிரீட்டுக்கு இரும்பு எதற்கு?

அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கல்லுக்கு ஒப்பானது. ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலிமை அதற்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே உண்டு. மதுரையில் 1636-ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. வளைவின் அமைப்பினால் பாரம் முழுவதும் அழுத்தமாகவே இறங்குவதால் அங்கே இழுவிசைக்கு இடமில்லை. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையும் சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொண்டு கட்டப்பட்டுத் தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கிறது. தட்டையான தளத்தின் கதை வேறு. அது வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்க இரும்பு வேண்டும். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, கம்பி வலையைப் பொதித்துச் சிமெண்டுப் பூந்தொட்டிகள் செய்து 1867-ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்றார். கான்கிரீட்டும் இரும்பும் கூடிய கட்டட முறைக்கு அது ஒரு தொடக்கமாகும்.

இரண்டின் இயல்பு

இன்று கடைகளில் முறுக்குக் கம்பி என்று கேட்டால் டி.எம்.டி. கம்பியையே தருகிறார்கள். முன்பு குளிர்ந்த நிலையில் கம்பியை முறுக்கிச் செய்தபோது வந்த பெயர், முறுக்கு மறைந்த பின்னும் நிலைத்துவிட்டது. இதற்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 1786. இக்கம்பி வலிமையும், ஒடியாமல் நீண்டு கொடுக்கும் தன்மையும் உடையது. வேண்டியவாறு வளைத்துக் கட்டலாம்.

கம்பி வலையோ, குளிர்ந்த நிலையில் இழுத்து மெலிதாக்கிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சந்திக்கும் இடந்தோறும் மின்சாரத்தால் பற்றவைத்துச் செய்யப்படுவது. இதன் தரம் ஐ.எஸ். 1566. வலிமையில் இது முறுக்குக் கம்பிக்குப் பெரிதும் தாழ்ந்ததன்று. குறுக்குக் கம்பிகள் கான்கிரீட்டைக் கவ்விக்கொள்வதால் பிடிப்பும் நன்றாயிருக்கும். ஆனால் நீண்டு கொடுக்கும் தன்மை குறைவு. வேலிக்குக் கட்டும் வலையையும் கோழிக் கூண்டு வலையையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் கூடாது.

தரையில் கிடக்கும் தளம்

உலர்களம் முழுவதும் மண்ணின்மேல் கிடப்பது. பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் கீழே உள்ள மண்ணே. கான்கிரீட் உலரும்போது சுருங்குகிறது. கீழேயுள்ள தரை அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் வெடிப்பு உண்டாகிறது. இங்கே இரும்பின் வேலை வெடிப்பைத் தடுப்பதன்று. வந்த வெடிப்பு வாய் பிளவாமல் இறுக்கிப் பிடித்து, மயிரிழையளவில் நிறுத்துவதே. இவ்வேலைக்குப் பருத்த கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைப்பதைவிட, மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வைப்பதே சிறந்தது.

கணக்கையும் பார்ப்போம். 100 மி.மீ. கனமுள்ள தளத்திற்கு, ஐ.எஸ். 456 என்னும் கான்கிரீட் விதியின் 0.12 விழுக்காட்டு அளவின்படி, மீட்டர் அகலத்திற்கு 120 சதுர மி.மீ. இரும்பு குறைந்த அளவாகும். 4 மி.மீ. கம்பிகளை 100 மி.மீ. இடைவெளியில் கொண்ட வலை ஏறத்தாழ 126 சதுர மி.மீ. இரும்பைத் தருகிறது; அளவு சரியாகிவிடுகிறது. சதுர மீட்டருக்கு அதன் எடை சுமார் 2 கிலோ. 8 மி.மீ. முறுக்குக் கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் இருபுறமும் கட்டினால் எடை ஏறத்தாழ 4 கிலோ. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களத்திற்கு முன்னது 200 கிலோ, பின்னது 400 கிலோ. கம்பியை 300 மி.மீ. இடைவெளியில் வைத்தாலும் 260 கிலோவுக்குக் குறையாது, நெருக்கமோ போய்விடும்.

கூலியும் உண்டு. 200 மி.மீ. இடைவெளியில் கம்பி பரப்பினால் அக்களத்தில் ஏறத்தாழ 2,500 சந்திப்புகள் வரும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கட்டுக்கம்பியால் முடிந்தாலும் 1,250 முடிச்சுகள். வலைக்கு இவ்வேலை இல்லை. வலையின் கிலோ விலை கூடுதலாக இருக்கலாம். ஆகவே கடையில் கிலோ விலையை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், கூலி உட்பட ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவாகும் என்று கேட்பதே முறை. உலர்களம், வீட்டு முற்றம், பள்ளி மைதானத்து நடைபாதை ஆகியவற்றுக்கு வலையே பெரும்பாலும் சிக்கனமானது.

வலை உதவாத இடம்

மேற்கூரை, உத்திரம், தூண், மேல்நிலைத் தொட்டியின் கால்கள் ஆகியவற்றில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அங்கே கீழே மண் இல்லை; பாரம் முழுவதையும் கான்கிரீட்டும் இரும்புமே சுமக்க வேண்டும். அளவுக்கு மீறிய பாரம் வரும்போது முறுக்குக் கம்பி நீண்டு கொடுத்து, தளம் தொய்ந்து, உள்ளே இருப்போருக்கு எச்சரிக்கை தருகிறது. நீளாத மெல்லிய கம்பியோ அத்தகைய எச்சரிக்கையைக் குறைவாகவே தரும். துருவின் கணக்கும் உண்டு. சுற்றிலும் அரை மி.மீ. துரு தின்றால் 8 மி.மீ. கம்பியில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக மிஞ்சும், 4 மி.மீ. கம்பியில் பாதிக்குச் சற்று அதிகமே மிஞ்சும். எனவே பொறியாளர் வரைபடத்தில் முறுக்குக் கம்பி காட்டியிருக்கும் இடத்தில், சிக்கனம் கருதி வலையை மாற்றி வைப்பது ஒருபோதும் தகாது.

இடம் தவறிய இரும்பு வீண்

எதைத் தேர்ந்தாலும், அது இருக்க வேண்டிய இடத்தில் இராவிட்டால் செலவு முழுவதும் வீணாகும். மேற்கூரையில் இழுவிசை நடுப்பகுதியின் அடியில் வருவதால் அங்கே கம்பி அடிப்புறம் இருத்தல் வேண்டும். சாக்கடை மூடியைத் தலைகீழாக வைத்தால் அது எளிதில் உடைவதற்கும் இதுவே காரணம். உலர்களத்திலோ வெடிப்பு மேற்புறத்தில் தோன்றுவதால், வலை மேற்பரப்பிலிருந்து 30 முதல் 40 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும்.

நடைமுறையில் நிகழ்வது என்ன? வலையைத் தரையில் விரித்து, அதன்மேல் நடந்தும் பாண்டுகளைக் கொட்டியும் கான்கிரீட் போட்டுவிட்டு, பிறகு கொக்கியால் தூக்கிவிடுவதாகச் சொல்வார்கள். தூக்கிய வலை காலடி பட்டதும் மீண்டும் கீழே போய் மண்ணோடு கிடக்கும். அங்கே அது வெடிப்பைப் பிடிப்பதில்லை. துருப்பிடிக்க மட்டுமே செய்கிறது. மெல்லிய வலை காலுக்கு எளிதில் அமுங்குவதால் இக்குறை அதற்கே மிகுதி. ஆகவே சிமெண்டுக் கட்டைகளையோ கம்பி முக்காலிகளையோ நெருக்கமாக வைத்து அவற்றின்மேல் வலையை நிறுத்த வேண்டும். நடப்பதற்குப் பலகை போட வேண்டும். சுருளாக வரும் வலை சுருண்டெழும் இயல்புடையதாதலின் தட்டையான ஷீட்டாக வாங்குவது நலம். இரண்டு ஷீட்டுகள் சேரும் இடத்தில் ஒரு கட்டத்திற்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும்.

மண்ணும் நீரும்

இரும்பால் ஆகாத காரியங்களும் உண்டு. கோடையில் பிளந்து, ஐப்பசி மழையில் உப்பும் கரிசல் மண்ணின் மேல் நேரே களம் போட்டால், எவ்வளவு இரும்பு வைத்தாலும் அது தூக்கி உடைத்துவிடும். கரிசலைத் தோண்டி அகற்றி, கிராவல் இட்டு, நீர் தெளித்து, அடுக்கடுக்காக இறுக்கிய பின்னரே கான்கிரீட் போடவேண்டும்; மழைநீர் ஓரத்தில் தேங்காமல் வாட்டம் விட வேண்டும். களத்தை 3 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து இணைப்புக் கோடுகள் விட்டால் வெடிப்பு நாம் விரும்பிய இடத்திலேயே அடங்கும். வலையை அக்கோடுகளுக்குச் சற்று முன்னே நிறுத்திவிட வேண்டும். செம்மண்ணும் கிராவலும் இறுகிய உறுதியான தரையில், இக்கோடுகளை ஒழுங்காக விட்டால், இரும்பே இல்லாமல் போட்ட களமும் நன்றாக உழைக்கும். மதுரை வெயிலில் இரண்டு வாரமேனும் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது இரும்புக்குச் செய்யும் செலவைவிட மேலான பலனைத் தரும்.

சுருங்கச் சொன்னால், மண்ணின்மேல் கிடக்கும் தளத்திற்கு வலை. மனிதன் தலைக்கு மேல் நிற்கும் தளத்திற்கு முறுக்குக் கம்பி. கான்கிரீட் ஊற்றும் நாளன்று ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் இரண்டு உழவரும் ஓர் அளவுகோலோடு களத்தில் நின்று, வலை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்களாக. கான்கிரீட் மூடிய பிறகு அதை யாரும் காண முடியாது. அடுத்த கோடையில் வெடிப்பை மட்டுமே காண முடியும். அந்த ஒரு நாளைய விழிப்பு, பல ஆண்டுகள் ஊரின் தானியத்தைச் சாலைக்குப் போகாமல் காக்கும்.