ரூம் போட்டுத் தங்கலாம், லாக்கப்பையும் பார்க்கலாம்: லண்டனின் பழைய கோர்ட்டுக்கு என்ன ஆச்சு?

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸுக்கு எதிரே, போ ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய கல் கட்டடம் இருக்கிறது. இன்று அதன் பெரும்பகுதி ஆடம்பர ஹோட்டல். ஒரு ஓரத்தில், பழைய லாக்கப் அறைகளுக்குள் சின்னதாக ஒரு மியூசியம். ஆனால், 2006 வரை இது மாஜிஸ்திரேட் கோர்ட். கூடவே போலீஸ் ஸ்டேஷனும் இருந்தது.

இரண்டையும் மூடியது ஏன்? மூடியதால் யாருக்கு நஷ்டம்?

இந்தத் தெருவுக்கு ஏன் இவ்வளவு பெயர்?

18-ம் நூற்றாண்டு லண்டனில் முறையான போலீஸ் படை கிடையாது. பொருளைப் பறிகொடுத்தால், திருடனைப் பிடிக்க நீங்களேதான் அலையணும், செலவும் உங்களுடையதுதான்.

இதை மாற்ற நினைத்தவர் ஹென்றி ஃபீல்டிங். ‘டாம் ஜோன்ஸ்’ நாவலை எழுதியவர்தான். போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்திரேட்டாக இருந்த அவர், 1749-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து ஒரு குழுவைத் தொடங்கினார். பிற்பாடு ‘போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸ்’ என்று பேர் வாங்கியது அந்தக் குழு. லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் உருவானது 1829-ல். அதற்கு 80 வருஷம் முந்தைய கதை இது!

இப்போது இருக்கும் கட்டடம் 1881-ல் கட்டி முடிக்கப்பட்டது.

கூண்டில் நின்றவர்கள் யார்?

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1895-ல் கைதானதும் கொண்டுவரப்பட்டது இங்கேதான். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களும் இதே கோர்ட்டில் நின்றார்கள்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910-ல் லண்டனில் கைதான சாவர்க்கரை இந்தியாவுக்கு அனுப்பும் வழக்கு இங்கே நடந்தது. அவருடைய நெருங்கிய தோழரான திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயரும் அந்த நாட்களில் லண்டனில்தான் இருந்தார்.

சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட்டை ஸ்பெயினுக்கு அனுப்பலாம் என்று 1999-ல் தீர்ப்பு சொன்னதும் இந்தக் கோர்ட்தான். ஆனால் உடல்நிலையைக் காரணம் காட்டி, 2000-ல் அவரைச் சிலிக்கே திருப்பி அனுப்பிவிட்டது பிரிட்டன் அரசு.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

போலீஸ் ஸ்டேஷன் 1992-ல் மூடப்பட்டது. 2006 ஜூலை 14-ம் தேதி கோர்ட்டும் கதவைச் சாத்தியது. காரணம், பணம். பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம் என்பதால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. பழையபடியே வைத்துப் பராமரிக்கவும் செலவு எகிறும்.

கட்டடம் கைமாறியது, திட்டங்கள் மாறின, வருஷங்கள் ஓடின. கடைசியில் 2021-ல்தான் ஹோட்டலும் மியூசியமும் திறந்தன. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு லாக்கப் அறைக்குள் போய்ப் பார்க்கலாம். பழைய குற்றவாளிக் கூண்டும் அங்கே இருக்கிறது.

கட்டடம் தப்பித்தது. கோர்ட்?

பூட்டிக்கிடந்து பாழாவதைவிட, ஹோட்டலாக மாறிப் பிழைத்தது நல்லதுதானே என்று தோன்றும். சுவர்களைப் பொறுத்தவரை அது சரிதான்.

ஆனால், போ ஸ்ட்ரீட்டோடு விஷயம் முடியவில்லை. 2010-க்குப் பிந்தைய பத்து வருஷங்களில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் பாதி மாஜிஸ்திரேட் கோர்ட்கள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை வைல்ட், பினோசெட் மாதிரி பெரிய பெயர்களைப் பார்க்காத சின்ன ஊர் கோர்ட்கள்.

சாதாரண மக்களுக்கு இதன் அர்த்தம் ரொம்ப சிம்பிள். முன்பு சொந்த ஊரிலேயே முடிந்த வேலைக்கு, இப்போது பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போகணும். சாட்சி சொல்ல வருபவர் ஒருநாள் சம்பளத்தை விடணும். குற்றம் சாட்டப்பட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டு ஆஜராகாமல் போனால், அவர் மேல் வாரண்ட்டே வரலாம்.

பழைய கூண்டை மியூசியத்தில் பத்திரமாக வைத்துவிடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கோர்ட்டை அப்படி எடுத்து வைக்க முடியாது.