ஒரே நூலகம், பல நிரல்கள்: கணினி ஆய்வகத்தில் ஒரு பாடம்

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பைத்தானில் எழுதிய வட்ட விளக்கப்பட நிரலை இயக்கினார். முந்தைய வாரம் சரியாக இயங்கிய நிரல் அது. இப்போது திரை முழுக்கப் பிழைச் செய்திகள். "நான் எதையும் மாத்தலையே சார்" என்றார். உண்மைதான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதே கணினியில் மற்றொரு மாணவர் தன் செயல்திட்டத்திற்காக நம்பை நூலகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்.

இருவர் மீதும் தவறில்லை. ஆய்வகத்தை அமைத்த நான்தான் ஒன்றை யோசிக்கவில்லை.

நிரல் நூலகம் என்பது பிறர் எழுதிச் சோதித்து வைத்த நிரல்களின் தொகுப்பு. வரைபடம் வரைய மேட்பிளாட்லிப், எண் கணக்குகளுக்கு நம்பை என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நூலகம் உண்டு. மேட்பிளாட்லிப் தன் கணக்குகளுக்கு நம்பையை நம்பியிருக்கிறது. இதைச் சார்பு என்கிறோம். பல நிரல்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொண்டால் வட்டில் இடம் மிச்சம். ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா நிரல்களுக்கும் பயன். ஆனால், அங்கே ஏற்படும் மாற்றமும் எல்லாரையும் பாதிக்கும். 1990களில் விண்டோஸ் கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவியதும் வேறொன்று நின்றுபோகும். அந்தச் சிக்கலை 'டிஎல்எல் நரகம்' என்றே நிரலாளர்கள் அழைத்தனர்.

நம்பையின் முதல் பெரும் பதிப்பு 2006இல் வந்தது, 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. பழைய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்ட மேட்பிளாட்லிப் அதனுடன் பொருந்தவில்லை. பதிப்பு எண்ணே இதற்கான எச்சரிக்கை. பெரும்பாலான நூலகங்கள் மூன்று எண்களைப் பயன்படுத்துகின்றன. கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம். நடு எண் மாறினால் புதிய வசதி. முதல் எண் மாறினால் பழைய நிரல்கள் இயங்காமல் போகலாம். எல்லா நூலகங்களும் இதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை. எனினும் முதல் எண் மாறும்போது நின்று யோசிப்பது நல்லது.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? அதுவும் ஆபத்து. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. தங்கள் மென்பொருள்களில் எங்கெங்கே அந்த நூலகம் உள்ளது எனப் பட்டியல் வைத்திருந்தவர்களால் விரைவாகத் திருத்த முடிந்தது. மற்றவர்கள் முதலில் தேட வேண்டியிருந்தது.

எனவே தேவை இரண்டு: தனி இடம், பட்டியல்.

பைத்தானுடனேயே வரும் வென்வ் என்ற கருவி ஒவ்வொரு செயல்திட்டத்திற்கும் தனிக் கோப்புறையில் தனி நூலகங்களை வைக்க உதவுகிறது. ஒருவர் தம் இடத்தில் செய்யும் மாற்றம் அடுத்தவரைத் தொடாது. வட்டில் சற்றுக் கூடுதல் இடம் செலவாகும், அவ்வளவே. 2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸ், கணினியின் பொதுப் பைத்தானில் பிப் மூலம் நேரடியாக நிறுவுவதையே தடுத்து, இந்த வழியைப் பரிந்துரைக்கிறது.

அடுத்து, பிப் ஃப்ரீஸ் என்ற கட்டளை நிறுவப்பட்ட நூலகங்களைப் பதிப்பு எண்களோடு பட்டியலிடும். அதைக் கோப்பாகச் சேமித்தால் வேறு கணினியிலும் அதே பதிப்புகளை நிறுவலாம். இணைய வேகம் குறைவான பள்ளிகளில், பிப் டவுன்லோட் கட்டளையால் ஒரு கணினியில் பதிவிறக்கி, பென்டிரைவ் மூலம் மற்றவற்றுக்குக் கொண்டு செல்லலாம். இரு கணினிகளிலும் இயக்க அமைப்பும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அன்று பழைய நம்பையை மீண்டும் நிறுவியதும் மாணவியின் படம் வந்துவிட்டது. இப்போது எங்கள் ஆய்வகத்தில் பாடத்திற்கு ஓர் இடம், ஒவ்வொரு செயல்திட்டத்திற்கும் ஓர் இடம். பட்டியலின் அச்சுப்படி சுவரில் ஒட்டியிருக்கிறது. தேர்வு முடியும்வரை பாடத்திற்கான இடத்தில் எதையும் புதுப்பிப்பதில்லை. முடிந்ததும் மாணவர்களோடு சேர்ந்தே புதுப்பிக்கிறோம். பொதுப்பொருளைக் கையாளும்போது அடுத்தவரையும் நினைக்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயும் கற்கிறார்கள்.