நிலாவில் ஒரு ‘ராமன் பள்ளம்’... ராஜபாளையத்திலிருந்து போனில் பிடிப்பது எப்படி?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர். ஏறக்குறைய அதே அகலத்தில் நிலாவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் ‘ராமன்’. ஆமாம், நம்ம சர் சி.வி.ராமன் பெயர்தான்! ஒரு சிறிய தொலைநோக்கியும் ஸ்மார்ட்போனும் இருந்தால் அதைப் படமெடுக்க முயன்று பார்க்கலாம்.

‘போனிலேயே நல்லா ஜூம் ஆகுதே, தொலைநோக்கி எதுக்கு?’ என்று கேட்கிறீர்களா?

2023-ல் ரெடிட் தளத்தில் ஒருவர், நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் போனில் படமெடுத்தார். திரையில் தெரியாத நுணுக்கங்கள்கூட போன் படத்தில் வந்திருந்தன! நிலாவை அடையாளம் கண்டு, ஏ.ஐ. மூலம் விவரங்களை மேம்படுத்துவதாக நிறுவனம் விளக்கமளித்தது. அழகான படம்தான். ஆனால், அதில் எவ்வளவு நிலா, எவ்வளவு மென்பொருள்?

இது ஏன் முக்கியம்? 2019-ல் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் விழுந்து நொறுங்கியது. நாசா வெளியிட்ட படங்களை முன், பின் என ஒப்பிட்டு, அதன் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னை இன்ஜினீயர் சண்முக சுப்பிரமணியன். அவருக்குக் கிடைத்த துப்பு, ஒரு சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளி. படத்தில் இருப்பது நிஜமாக இருந்ததால்தான் அந்தப் புள்ளிக்கு மதிப்பு.

பௌர்ணமி வேண்டாம்!

ஆண்டாளின் திருப்பாவை தொடங்குவது மார்கழிப் பௌர்ணமியில். பார்க்க அழகான நாள். ஆனால், பள்ளங்களைப் படமெடுக்க அது சரிவராது. சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது. நிலா தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள்களில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைக் கவனியுங்கள். அங்கே ஒளி சாய்வாக விழுவதால் பள்ளங்களின் விளிம்பு எடுப்பாகத் தெரியும்.

நவமி, தசமியில் டைக்கோ, கோப்பர்நிக்கஸ் பள்ளங்கள் சிக்கும். டைக்கோவின் அகலம் 85 கி.மீ.; கிட்டத்தட்ட ராஜபாளையம் - மதுரை தூரம். ஆழம் 4.5 கி.மீட்டருக்கும் மேல். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை உள்ளே வைத்தால் மூழ்கிவிடும்!

நம்ம ஊருக்கு ஒரு ப்ளஸ்

இந்த இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில், சுமார் 9.5 டிகிரியில் இருக்கின்றன. அதனால் நிலா உச்சத்துக்கு வரும்போது எந்த மாதமும் 50 டிகிரிக்குக் கீழே இருக்காது. லண்டனில் சில நாள்களில் அது அடிவானத்தை ஒட்டியே நகர்ந்துவிடும். நிலா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு குறைவான காற்றைத் தாண்டி ஒளி வரும், படமும் தெளியும்.

ஆனால், மொட்டை மாடியைத் தவிருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில் சூட்டைக் கக்கும். பால்கோவா அடுப்புக்கு மேலே காற்று நெளிவதுபோல நிலாவும் நெளியும். மண்தரையோ புல்தரையோ நல்லது.

எடுப்பது எப்படி?

* 70 மி.மீ. தொலைநோக்கியே தொடக்கத்துக்குப் போதும். போனை ஐபீஸோடு இணைக்கும் ஹோல்டர் ஆன்லைனில் கிடைக்கும்.

* போனில் ‘ஏ.ஐ.’, ‘சீன் ஆப்டிமைசர்’ போன்றவற்றை அணைத்துவிடுங்கள்.

* திரையில் நிலாவைத் தொட்டு, ஃபோகஸை லாக் செய்து, வெளிச்சத்தைக் குறையுங்கள்.

* விரல் பட்டாலே படம் ஆடும். 3 விநாடி டைமர் வையுங்கள்.

* பூமி சுழல்வதால், இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

* வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள், அதில் தெளிவான ஃபிரேம்களைப் பொறுக்கி ஒன்றாக்கும். இல்லாததைச் சேர்க்காது.

ராமனைத் தேடுவோம்!

கை பழகியதும் துவாதசி, திரயோதசியில் முயலுங்கள். நிலாவின் மேற்குப் பகுதியில் பளிச்சென்று ஒளிரும் அரிஸ்டார்க்கஸ் பள்ளத்தை முதலில் பிடியுங்கள். அதற்கு வடமேற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது ராமன். சிறிய தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். காற்று அசையாத இரவு வேண்டும். முதல் நாளே கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் இருக்கிறது.

தொலைநோக்கி இல்லையா? தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஊர்களில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். போனையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்!