பின்னச்சின் பற்கணக்கு

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய பட்டறை நடத்துகிறார். ஒருநாள் அவர் என்னிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அதற்கு நான் கூறிய விடையும், அதனால் நேர்ந்த இடரும் இன்றைய பேச்சின் பொருள்.

அவரிடம் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸ் 240டி என்னும் டீசல் கார். 1976 முதல் 1985 வரை செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. எளிதில் பழுதாகாத வண்டி. ஆயினும் எஞ்சினின் திறன் 72 குதிரைத்திறனே. நெடுஞ்சாலையில் விரைந்து சென்றால் அதன் இரைச்சல் பேச்சையே அமுக்கிவிடும். அதே வரிசையைச் சேர்ந்த டர்போ டீசல் கார் ஒன்றின் டிஃபரன்ஷியல் அவருக்கு மலிவாகக் கிடைத்திருந்தது. “இதை மாட்டலாமா ஐயா?” என்று கேட்டார்.

டிஃபரன்ஷியல் என்பது பின்னச்சின் நடுவிலுள்ள பெட்டி. வளைவுகளில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியாகச் சுழல இடங்கொடுப்பது அதன் ஒரு வேலை. நமக்கு இங்கு வேண்டியது மற்றொரு வேலை. எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டின் நுனியில் சிறு பற்சக்கரம் ஒன்று உண்டு. அதற்குப் பினியன் என்று பெயர். அது கிரௌன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 240டி வண்டியில் கிரௌனுக்கு 48 பற்கள், பினியனுக்கு 13. நாற்பத்தெட்டைப் பதின்மூன்றால் வகுத்தால் 3.69. அதாவது, சுழல்தண்டு 3.69 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். மாணவர் வாங்கிவந்த பெட்டியின் விகிதமோ 3.07.

பெட்டியைத் திறவாமலே இதைக் கண்டுகொள்ளலாம். பின்சக்கரங்கள் இரண்டையும் தரையினின்று உயர்த்தி, கியரை நடுநிலையில் வைத்து, சுழல்தண்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி இடுங்கள். இரு சக்கரங்களையும் ஒருசேரப் பத்துமுறை சுற்றினால், தண்டு ஏறத்தாழ 37 முறை சுற்றும். ஒரு சக்கரத்தை அசையாமற் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றுவதாயின், பத்துக்குப் பதில் இருபது முறை சுற்ற வேண்டும். வண்டியை உயர்த்துமுன் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறவாதீர்கள்.

நான் தாளும் பென்சிலும் எடுத்தேன். நான்காம் கியரில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 3.69 விகிதத்திற்கு எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3170 சுற்றுச் சுற்ற வேண்டும், 3.07 என்றால் 2640 போதும். இந்த எஞ்சினின் முறுக்குவிசை 2400 சுற்றில் உச்சமடைகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? “தாராளமாக மாட்டு, தம்பி” என்றேன்.

சமவெளியில் வண்டி அமைதியாக ஓடிற்று. எனக்கும் பெருமிதம். பின்னர் ஒருநாள் ஐந்து பேராக மலைப்பாதையில் ஏறினோம். மூன்றாம் கியரில் வண்டி தள்ளாடியது. இரண்டிற்கு மாற்றினால் ஊர்ந்தது. ஒரு கொண்டையூசி வளைவில் நின்று மீண்டும் கிளம்ப முயன்றபோது கிளட்ச் கருகும் வாடை எழுந்தது. வண்டி ஒருமுழம் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் சுமை லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த ஒருமுழத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

பிழை எங்கே? வகுத்தலில் இல்லை. எஞ்சினின் முறுக்கு எவ்வளவாயினும், சக்கரத்தை அடைவது அதனை விகிதத்தால் பெருக்கிய அளவே. 3.69 என்பது 3.07 ஆனதும், ஒவ்வொரு கியரிலும் இழுவையில் ஆறிலொரு பங்கு போயிற்று. டர்போ வண்டிக்கு அது பொருட்டன்று. அதன் திறன் 125 குதிரைத்திறன். கடன்வாங்கிய சட்டை தோளுக்குப் பொருந்தவில்லை. ஏற்றம் என்னும் எண்ணை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் பிறகுதான் புலப்பட்டது. அவ்வண்டியின் வேகங்காட்டிக்கான கம்பி கியர்ப்பெட்டியிலிருந்து வருகிறது. பின்னச்சில் நாம் செய்த மாற்றத்தை அது அறியாது. ஆகவே முள் 80 என்று காட்டியபோதெல்லாம் நாங்கள் 96 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கிறோம்! மலையேற்றத்தைவிட இதுவே என்னை மிகவும் கலங்கச் செய்தது.

டர்போ இல்லாத 300டி வண்டியில் 3.46 விகிதம் உண்டு. அத்தகைய பெட்டி ஒன்றை மாணவர் தேடிப் பிடித்தார். 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 200 சுற்றுக் குறையும். இழுவையில் இழப்போ பதினாறில் ஒரு பங்கே. பற்சக்கரங்களை மட்டும் மாற்ற முனையவில்லை. கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று இழைந்து பழகிய இணை, பிரித்தால் ஓலமிடும். பெட்டியை முழுமையாகவே மாற்றினார். அதற்குமுன் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, அச்சுத்தண்டுகளின் பொருத்தையும் திருகாணித் துளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சுத்தண்டுகளைப் பிடித்துநிற்கும் வளையக் கவ்விகள் பெட்டிக்கு உள்ளே இருக்கின்றன. பின்மூடியைத் திறந்தே அவற்றைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் இழுப்போர் அச்சைக் கெடுப்பர். இறுதியில் 90 எண் ஹைப்பாய்டு எண்ணெய், ஏறத்தாழ ஒரு லிட்டர், ஊற்றப்பட்டது.

அந்த 300டி வண்டியின் வேகங்காட்டியையும் கேட்டு வாங்கிப் பொருத்தச் சொன்னேன். பின்னர், கிலோமீட்டர்க் கற்களுக்கிடையே நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அமர, அவர் முள்ளை அறுபதில் நிறுத்தி ஓட்டினார். கல்லுக்கு ஒரு நிமிடம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் அதே மலைக்கு, அதே ஐந்து பேர் சென்றோம். வளைவில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளம்பிப் பார்த்தோம். வண்டி பின்னோக்கி நகரவில்லை.