இரவு வானம் – 17: ஒட்டிப் பிறந்த சூரியன்கள்

சென்ற வாரம், தள்ளி நின்று ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைப் பார்த்தோம். இந்த வாரம் ஒட்டிக்கொண்டே சுற்றுபவை. நிலக்கடலைத் தோட்டுக்குள் இரண்டு பருப்பு இருக்குமே, அதுபோல இரண்டு விண்மீன்கள் வெளி அடுக்கைப் பொதுவில் போர்த்திக்கொண்டு சுழல்கின்றன. தொலைநோக்கியில் தெரிவது ஒற்றைப் புள்ளிதான். அதன் ஒளி ஏறி இறங்குவதை வைத்தே உள்ளே இருவர் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சப்தரிஷி மண்டலத்தில் உள்ள டபிள்யூ அர்சே மெஜோரிஸ்தான் இந்தக் கூட்டத்துக்கே பெயர் கொடுத்தது. அதன் ஒளி மாறுவதை 1903-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் முல்லரும் கெம்ப்பும் கண்டார்கள். ஒரு சுற்றுக்கு 8 மணி நேரம். அதற்குள் இரண்டு முறை ஒன்று மற்றொன்றை மறைக்க, வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒளி மாறுவதை நேரப்படி வரைந்தால், அந்த வரைபடத்தில் சமதளமே கிடையாது. ஈர்ப்பு இழுத்து நீட்டிய உடல்கள் சுழலச் சுழல, நம் பக்கம் காட்டும் பரப்பு மாறிக்கொண்டே இருப்பதால் கோடு ஓயாமல் வளைகிறது. இரண்டு பள்ளங்களும் கிட்டத்தட்ட ஒரே ஆழம். ஒன்றைவிட ஒன்று எடையில் பெரிதாக இருந்தும் வெப்பநிலை ஒன்றாக இருக்கிறதே, எப்படி? பெரியதன் வெப்பம் பொதுப் போர்வை வழியாகச் சிறியதற்கும் பாய்கிறது என்று 1968-இல் லியோன் லூசி விளக்கினார்.

பள்ளத்தின் ஆழத்தைவிட அது விழும் நேரம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சுற்றுக்காலம் நொடியில் நூறில் ஒரு பங்கு குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் சுற்று. அத்தனையும் சேர்ந்து பள்ளம் வரவர முன்னதாக விழத் தொடங்கும். இருவரும் நெருங்குகிறார்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

நெருங்கினால் என்ன ஆகும்? 2008 செப்டம்பரில் விருச்சிகத்தில் வி1309 என்ற விண்மீன் திடீரென வெடித்துப் பிரகாசித்தது. சிலியில் வேறொரு ஆய்வுக்காகப் போலந்து வானியலாளர்கள் 2001 முதலே எடுத்து வைத்திருந்த படங்களை வானியலாளர் டைலெண்டாவின் குழு புரட்டியது. 1.4 நாள் சுற்றுக்காலம் மேலும் மேலும் வேகமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. வளைகோட்டின் இரண்டு மேடுகளும் மெல்ல ஒன்றாகியிருந்தன. இரண்டு விண்மீன்கள் ஒன்றாகிப்போன கதை, யாரும் அறியாமலே பதிவாகியிருக்கிறது!

அந்த உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அன்ன மண்டலத்தின் கேஐசி 9832227 ஏறத்தாழ 2022-இல் இணைந்துவிடும் என்று அமெரிக்காவின் லாரி மோல்னார் 2017-இல் அறிவித்தார். நாள் குறித்துச் சொன்ன அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். தவறு என்று பிறர் காட்டுவதற்கு வழி வைத்த கணிப்பு அது. மறு ஆண்டே காட்டினார்கள். கோள்களைத் தேடுவதற்காக 2003-இல் எடுத்து, வெளியிடாமல் கிடந்த தரவுகளை சான் டியாகோவில் சோசியா குழு எடுத்துப் பார்த்தது, நேரம் ஒத்துவரவில்லை. கடைசியில், மோல்னார் கணக்கில் சேர்த்திருந்த 1999-ஆம் ஆண்டுப் பதிவின் நேரத்தில் 12 மணி நேரப் பிழை இருப்பது தெரிந்தது. இந்த விண்மீனின் சுற்று 11 மணி நேரம். ஒரு முழுச் சுற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மணி நேரப் பிசகு. அதுதான் நெருக்கம்போல் தோன்றியிருக்கிறது. மோல்னார் அதை ஏற்றுக்கொண்டார்.

டபிள்யூ அர்சே மெஜோரிஸ் பைனாகுலருக்கே எட்டும். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஒளியைக் குறித்துவந்தால் ஒரே இரவில் முழுச் சுற்றும் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: வானியலில் நண்பகலில் தொடங்கும் நாள் கணக்கும் உண்டு, நள்ளிரவில் தொடங்குவதும் உண்டு. எதில் எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.