உங்களுக்குத் தெரியுமா? கணினிக் குற்றத்துக்கு ஏன் தனிச் சட்டம்?

● 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. பிலிப்பைன்ஸ் இளைஞர் ஒருவர் பிடிபட்டார். ஆனால் அதைத் தண்டிக்கும் சட்டம் அந்நாட்டில் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. வைரஸ் தாக்கிய அடுத்த மாதமே சட்டம் வந்தது. முன்பு நடந்ததற்கு அது பொருந்தவில்லை.

● இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

● ஒரு பெண்ணை இணையத்தில் இழிவுபடுத்தியவருக்கு இச்சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

● திருட்டு என்றால் பொருள் கைமாற வேண்டும் என்பது பழைய சட்டம். களவு போன கடவுச்சொல்லோ உரியவரிடமும் இருக்கும். அதனால்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தம் 66சி பிரிவைச் சேர்த்தது: 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

● புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டில் உள்ள கணினியை வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊடுருவினாலும் 75ஆம் பிரிவின்படி நம் சட்டம் அவர்மீது பாயும்.

● இணையத்தில் பணம் பறிபோனால் தயங்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவோ, பணம் மீள அவ்வளவு வாய்ப்பு.