நெட் எந்த இடத்தில் நிற்கிறது?

சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் நின்றுவிட்டதாம். திரையின் வலது மூலையில் ஒரு சின்ன உருண்டை வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. மொபைலில் எல்லாம் வருகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "விண்டோஸ் அடிவாங்கிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்கிறார் கடைக்காரர். மகள் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ஃபார்மட் அடிக்க வேண்டாம். ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டிருப்பீர்கள், மாதப் பணம் கட்டியாயிற்றா என்று பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொபைலின் சாட்சியை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வைஃபை எப்போதோ படுத்திருக்கும். மொபைல் சத்தமில்லாமல் சிம்மிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும்.

அந்த உருண்டையையும் பெரிதாக நம்ப வேண்டாம். விண்டோஸ் அவ்வப்போது மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய் ஒரு சின்னக் கோப்பைக் கேட்கும். 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள்தான் அதில் இருக்கும். அது அப்படியே திரும்பி வந்தால் நெட் உண்டு, வராவிட்டால் உருண்டை. எங்கே நின்றது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் அம்மா முதலில் வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பார். அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு நம் ஃபியூஸில். தெருவே இருட்டென்றால் டிரான்ஸ்ஃபார்மரில். அதற்குப் பிறகுதான் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு. நெட்டுக்கும் வழி இதுதான். கம்ப்யூட்டரில் தொடங்கி ரூட்டர், தெரு, கம்பெனி என்று ஒவ்வொரு படியாக வெளியே போக வேண்டும்.

முதல் படி கம்ப்யூட்டர். விண்டோஸ் பொத்தானை அழுத்தி சிஎம்டி என்று மூன்றெழுத்து அடித்தால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடியுங்கள். வருகிற எண்களில் ஐபிவி4 என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது. ரூட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டும் ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். சூட்டிக்கொள்ளும் முன், 'இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா' என்று அக்கம்பக்கத்துக் கருவிகளைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு மரியாதை. ஆனாலும் அந்த எண்ணோடு வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே பழுது கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான். வயரை மாற்றுங்கள், ரூட்டரின் வேறு துளையில் சொருகுங்கள். வைஃபை என்றால் அந்தப் பெயரையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

பழைய கம்ப்யூட்டராக இருந்தால் தேதியையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே சிஆர் 2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடிவிடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் தேதி ஒத்துப்போகாததால் எந்தத் தளமும் திறக்காது. கடையில் வாங்கி மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது. இதற்கும் ஃபார்மட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது படிக்கு ஒரு கருவி வேண்டும். எனக்கு மிகப் பிடித்த கருவி அது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெயர் பிங். அதே கறுப்புப் பெட்டியில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஓர் எண்ணை அடித்தால், அந்த எண்ணுக்குரிய யந்திரத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம் போகும். 'இருக்கிறாயா?' என்பதுதான் கேள்வி. அதே பொட்டலம் திரும்பி வந்தால் பதில். விண்டோஸ் அனுப்பும் பொட்டலத்தில் 32 எழுத்துகள். ஆங்கில அகரவரிசையை முதலிலிருந்து எழுதிக்கொண்டே போய், கடைசி மூன்று எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கி 32-ஐ நிரப்பியிருப்பார்கள்.

இதை எழுதியவர் மைக் மஸ் என்ற அமெரிக்கர். ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் ஏதோ கோளாறு செய்ய, ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி, விடிவதற்குள் முடித்துவிட்டார். முதல் பொட்டலத்தை அனுப்புவதற்குள் கூட வேலை செய்தவர் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார். அந்தப் பழுதுக்குப் பயன்படாத கருவி, அதற்குப் பின் உலகத்தில் வந்த எத்தனையோ பழுதுகளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் ஒரு மாநாட்டில் ஒருவர் மஸ்ஸிடம் சொன்னது இன்னும் அழகான சேதி. கட்டடத்தில் எங்கோ ஒரு வயர் இணைப்பு விட்டு விட்டுச் சதி செய்கிறது. அவர் ஒவ்வொரு பதில் வரும்போதும் கம்ப்யூட்டர் 'பிங்' என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, சத்தத்தை ஸ்டீரியோவில் பெரிதாக வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக அசைத்துப் பார்த்தாராம். எங்கே சத்தம் நின்றதோ அங்கே பழுது.

நீங்களும் அதையே செய்யலாம். ஐபிகான்ஃபிக்கில் டிஃபால்ட் கேட்வே என்றிருக்கும் எண்தான் உங்கள் ரூட்டர், பெரும்பாலும் 192.168.1.1. அதை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8. இது கூகுள் 2009 முதல் நடத்தும் பொதுச் சேவையின் எண். இங்கிருந்தும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதினால் பல நேரம் வேலை முடிந்தது.

பதிலோடு வரும் மில்லி விநாடிக் கணக்கையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 200. பதில் 5 மில்லி விநாடியில் வந்தால், போக 2.5, வர 2.5. அப்படியானால் பதில் சொன்ன யந்திரம் 500 கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும், கன்னியாகுமரி வரைகூடப் போயிருக்க முடியாது. கூகுள் அமெரிக்கக் கம்பெனி, ஆனால் உங்களுக்குப் பதில் சொன்ன யந்திரம் இங்கேதான் எங்கோ இருக்கிறது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே இதை நிரூபித்துவிடலாம். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அதன் வழியே போய்வர 32 மில்லி விநாடியாவது ஆகும். எவ்வளவு பணம் கட்டி எந்த பிளான் போட்டாலும் அதற்குக் கீழே இறங்காது.

8.8.8.8 பதிலே சொல்லவில்லையா? இப்போது சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், தெருவிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரை விட்டுவிடலாம், அது நிரபராதி. பெட்டிக்கு வரும் மெல்லிய வயர் மேசைக் காலுக்கடியிலோ ஜன்னல் இடுக்கிலோ மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சைச் சொருகியைக் கழற்றி முனையைத் தொடாதீர்கள். ஒளி ஓடும் கண்ணாடி நடுப்பகுதி 9 மைக்ரான்தான், விரல் பட்ட எண்ணெயே அதை அடைத்துவிடும். கண்ணருகே கொண்டுபோயும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

பிறகு பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒரே இழைதான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. உங்களுக்கு மட்டும் சிவப்பு என்றால் உங்கள் வீட்டுக்கு வரும் கேபிள், எல்லோருக்கும் சிவப்பு என்றால் மெயின் லைன். கேபிள்காரருக்கு போன் செய்து 'நெட் வரல' என்று சொல்வதற்கும், 'எல்ஓஎஸ் சிவப்பு, பக்கத்து வீட்டிலும் அப்படித்தான்' என்று சொல்வதற்கும் அரை நாள் வித்தியாசம் உண்டு.

மாத்தூர் பக்கம் அந்த மெயின் லைன் படும் பாடு தனி. மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவே 200 அடிச் சாலையில் ராப்பகலாக கன்டெய்னர் லாரிகள். உள்தெருவில் தாழத் தொங்கும் கேபிளில் லாரியின் தலை மாட்டினால் ஒரு தெருவுக்கே நெட் போகும். தலைமுடி போல மெல்லிய இழைகளை ஏணிமேல் உட்கார்ந்து எடுத்து, நுனி சீவி, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிற பையனுக்கு மாலைக்குள் நாலு இடம் போக வேண்டியிருக்கும். அவனிடம் கத்தாதீர்கள், லாரி அவனுடையதல்ல.

நம் தெருக்களில் தொங்குவதில் பாதிக்கு மேல் செத்த கேபிள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். வீடு மாறிப்போனவருடையது, கடையைக் கட்டிய கம்பெனியுடையது, 2016 வர்தா புயலில் அறுந்து சுருட்டிக் கட்டியது. புதிது போடுவதற்கு வருகிற ஏணி, பழையதை எடுப்பதற்கு வருவதில்லை. தெருவிளக்குக் கம்பம் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டு சாய்கிறது. செத்த கேபிளை எடுக்காத கம்பெனிக்குப் புதுக் கேபிள் கட்ட அனுமதி தராமலிருந்தால் போதும், நம் நெட் பாதி நாள் நிற்காது. குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பேசலாம், மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம்.

வாசகருக்கு ஒரு வேலை. ஒரு துண்டுக் காகிதத்தில் ரூட்டரின் எண், 8.8.8.8, கேபிள்காரர் போன், உங்கள் வாடிக்கையாளர் எண், நான்கையும் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். கல்யாணப் படங்களை இன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். அதன்பிறகும் ஃபார்மட் அடித்துத்தான் தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், நெட் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கலாம்.